அம்மாவின் ஒரே புடவை... மூன்று வீட்டுக்குப் போர்வை!

கோடை விடுமுறை கைவேலை

பீரோவின் மேல்தட்டு. பாச்சை உருண்டை வாசனை. நாலாக மடித்து வைத்த ஒரு பழைய சுங்குடிப் புடவை. அம்மா கடைசிவரை வீட்டில் கட்டிக்கொண்டிருந்த புடவை அது.

பட்டுப்புடவைகளைப் பிரித்துக்கொள்வதில் பல வீடுகளில் பெரிய சிக்கல் வருவதில்லை. ஆளுக்கு இரண்டு என்று முடிந்துவிடும். சிக்கலே இந்த நூல் புடவையில்தான். “அது எனக்கு வேணும்”னு அக்கா சொல்வாள். “நான்தானேக்கா கடைசிவரைக்கும் அம்மாகூட இருந்தேன்”னு தம்பி சொல்வான். சின்னவள் ஒன்றும் சொல்லாமல் புடவையைத் தடவிப் பார்ப்பாள். யாருக்கும் கொடுக்க முடியாமல் புடவை மறுபடியும் பீரோவுக்கே போய்விடும். அடுத்த கோடை விடுமுறைக்கு எல்லோரும் கூடும்போது மறுபடியும் அதே பேச்சு.

கட்டினால் கிழிந்துவிடும். தூக்கிப்போட மனம் வராது. ஒருவர் எடுத்தால் மற்ற இருவருக்கும் மனக்கஷ்டம். இதற்கு ஊசியும் நூலும் ஒரு வழி சொல்கின்றன. ஒரு புடவையில் மூன்று போர்வை!

பீரோவில் இருந்தால் பத்திரமா?

இல்லை. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருக்கும் துணி, அந்த மடிப்பு ஓடிய இடத்திலேயே பழுப்பேறும். பிறகு அங்கேயே இற்றுப்போகும். கஞ்சி போட்டு மடித்து வைத்தது என்றால் இன்னும் மோசம். கஞ்சி என்பது மாவுச்சத்து. பாச்சைக்கு அது சாப்பாடு. பத்து வருடம் பத்திரப்படுத்திவிட்டு எடுத்துப் பார்க்கும்போது மடிப்பு மடிப்பாகக் கையோடு வரும் புடவைகள் எத்தனையோ உண்டு.

பழைய துணிதான் நல்ல துணி

நூறு முறை துவைத்த பருத்தித் துணிக்கு வரும் மென்மை புதுத் துணிக்கு வராது. அதனால்தான் நம் ஊரில் பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய நூல் புடவையில் சுற்றினார்கள். தூளிக்கும் அதே புடவைதான்.

நாட்டின் மற்ற பகுதிகளிலும் இதே கதைதான். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு ‘காந்தா’ போர்வை செய்தார்கள். அந்தக் காலத்தில் தைக்கும் நூலுக்குக்கூடக் கடைக்குப் போகவில்லை. புடவையின் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவிக்கொண்டார்கள். பீகாரில் பிறந்த குழந்தைக்காகப் பழைய துணிகளைச் சேர்த்துத் தைப்பதற்கு ‘சுஜனி’ என்று பெயர். மகாராஷ்டிராவில் அதுவே ‘கோதடி’.

பக்கத்து மாநிலமான கர்நாடகாவில், உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டோர ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர். அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பார்கள். ‘ஃபூலா’ எனப்படும் அந்த மூலைப்பூ இல்லாவிட்டால், போர்வை உடுப்பில்லாமல் நிற்கிறது என்பது அவர்கள் கணக்கு.

1942-ல் ஒரு மனைவி தைத்த போர்வை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். ஆற்றின் வளைவுக்குள் அடங்கிய ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியினர் அங்கே பருத்தி விவசாயம் செய்து வாழ்ந்தார்கள். குளிருக்குப் போர்வை வாங்க வசதி கிடையாது. பழைய வேலை உடுப்புகளையே வெட்டி ஒட்டித் தைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் மிசௌரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன துணிகளை எடுத்து, மகள் அர்லோன்சியாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1942-ல் மிசௌரி ஒரு போர்வை தைத்தார். கணவரின் நினைவாக வைத்துக்கொள்ள, அவருடைய அன்பைப் போர்த்திக்கொள்ள என்று அம்மா சொன்னதைப் பல வருடம் கழித்து மகள் நினைவுகூர்ந்தார். உழைத்து உழைத்து வெளுத்த துணி அது. மடித்துப் பெட்டியில் வைத்திருந்தால் அதன் கதை அந்த வீட்டோடு முடிந்திருக்கும். ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம்பிடித்தன.

கணக்கு இதுதான்

ஒரு புடவையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 216 இன்ச். அகலம் சுமார் 46 இன்ச். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 72 இன்ச். அதை இரண்டாக மடித்தால் 36-க்கு 46 இன்ச். மடியில் போட்டுக்கொள்ள, சின்னக் குழந்தைக்குத் தரையில் விரிக்க, ஏ.சி. அறையில் காலுக்குப் போர்த்த இது சரியான அளவு.

மடித்த புடவைக்கு உள்ளே எதை வைப்பது? அப்பாவின் நாலு முழ வேட்டி! நாலு முழம் என்றால் 72 இன்ச். இரண்டாக மடித்தால் அதுவும் 36 இன்ச்தான். வெளியே அம்மா புடவை, உள்ளே அப்பா வேட்டி. மொத்தம் நான்கு அடுக்கு. பஞ்சு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

“அதெல்லாம் சரி, முந்தானை யாருக்கு?” என்று கேள்வி வரும். கட்டாயம் வரும். அம்மா கை துடைத்ததும் பிள்ளைகளுக்கு முகம் துடைத்துவிட்டதும் அந்த முந்தானையில்தானே! அதற்கும் வழி இருக்கிறது. முந்தானையில் 36 இன்ச்சைத் தனியாக வெட்டி, 12 இன்ச் அகலத்தில் மூன்று துண்டாக்குங்கள். மீதிப் புடவையை 60 இன்ச் வீதம் மூன்றாக்குங்கள். ஒவ்வொன்றுடனும் ஒரு முந்தானைத் துண்டைச் சேர்த்துத் தைத்தால், ஒரு இன்ச் தையலுக்குப் போக, ஆளுக்கு 71 இன்ச். யாருக்கும் குறைவில்லை.

வெட்டுவதற்கு முன் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெளியூரில் இருப்பவருக்கு வீடியோ கால் போட்டுப் புடவையைக் காட்டிவிட்டே கத்தரியை எடுங்கள். இந்த வேலையில் திருத்தவே முடியாத தப்பு அது ஒன்றுதான்.

தேவையானவை

பழைய நூல் புடவை 1, நாலு முழ வேட்டி 3, எம்பிராய்டரி ஊசி, எம்பிராய்டரி நூல், கத்தரி, இன்ச் டேப், டெய்லர் சாக்பீஸ், ஒரு டஜன் ஊக்கு. விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பி கிடைத்தால் நல்லது. நான்கு அடுக்கு என்பதால் ஊசியைத் தள்ளித் தள்ளி விரல் வலிக்கும்.

தைப்பது எப்படி?

1. புடவையின் ஃபால்ஸைப் பிரித்து எடுங்கள். கஞ்சி போகும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். வேட்டிகளுக்கும் அப்படியே.

2. சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைப் புடவையின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். சாயம் ஒட்டினால் வெள்ளை வேட்டிக்குப் பதிலாக அடர்நிறப் பழைய லுங்கியை உள்ளே வையுங்கள்.

3. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இற்றுப்போன இடங்கள் மெல்லிசாகத் தெரியும். அந்த இடத்தில் அதே புடவையின் ஓரத்துண்டை வைத்து ஒட்டுப் போட்டுவிடுங்கள். ஒட்டு வெளியே தெரிந்தால் அழகுதான்.

4. வெட்டிய துணியைத் தரையில் புத்தகம்போல விரியுங்கள். வேட்டியை மடித்து, சாதாரணப் பங்கீடு என்றால் 35-க்கு 44 இன்ச், முந்தானை சேர்த்தது என்றால் அரை இன்ச் குறைவாக வெட்டி, ஒரு பாதியின் மேல் சுருக்கமில்லாமல் வையுங்கள். மறுபாதியை அதன்மேல் மூடுங்கள்.

5. திறந்திருக்கும் மூன்று பக்கங்களிலும் புடவையின் ஓரத்தை அரை இன்ச் உள்ளே மடக்கி, ஊக்கு குத்துங்கள். பிறகு கையாலோ மெஷினிலோ தைத்து மூடுங்கள். மெஷின் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுக்கலாம்.

6. சாக்பீஸால் 1 இன்ச் இடைவெளியில் நீளவாக்கில் கோடு போடுங்கள். ஏறக்குறைய 34 கோடுகள் வரும்.

7. எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் மூன்றை மட்டும் பிரித்து எடுங்கள். ஒரு முழ நீளம் போதும். சோம்பல்பட்டு நீளமாகக் கோத்தால் சிக்கு விழும்.

8. நடுக்கோட்டில் ஆரம்பியுங்கள். ஊசியை மேலே, கீழே, மேலே, கீழே என்று ஓட்டுங்கள். நான்கு அடுக்கையும் ஊசி பிடிக்கிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தைத்துக்கொண்டு போனால் துணி ஒரு பக்கமாகச் சுருங்காது. நூலை இழுத்துக் கட்டாதீர்கள். முடிச்சு உள் அடுக்குக்குள் போய்விட வேண்டும்.

ஒரு கோட்டுக்கு 20 நிமிடம் என்று வைத்தால், மொத்தம் 11 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 12 நாளில் முடித்துவிடலாம். அவரவர் போர்வையை அவரவரே தைத்தால், மே மாதம் முடிவதற்குள் மூன்றும் தயார்.

“எனக்கு எதுக்கு ஊசியெல்லாம்?” என்று தம்பி நழுவப் பார்ப்பான். தையல்கடை மெஷினில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்களைக் காட்டி, ஊசியைக் கையில் கொடுத்துவிடுங்கள். தையல் கோணலாகப் போனால் பிரிக்கவும் வேண்டாம். எந்தப் போர்வை யார் தைத்தது என்று நாளைக்கு அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இதைக் கவனியுங்கள்

* பட்டும் ஜரிகையும் வேண்டாம். பழைய பட்டு மடிப்பில் வெடிக்கும். ஜரிகை உறுத்தும். அடிக்கடி துவைக்கவும் முடியாது.

* குழந்தைக்கு என்றால் பட்டன், மணி, ஜமிக்கி எதையும் வைத்துத் தைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது அதன் மேல் தளர்வான போர்வை கூடாது என்பது குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை. அந்த வயதில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, விழித்திருக்கும் குழந்தைக்குத் தரையில் விரிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

* வாஷிங் மெஷினைவிடக் கையால் துவைப்பது நல்லது. முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.

12 நாள் பொறுமை இல்லையா?

அப்பாவின் பழைய சட்டை ஒன்று போதும். பட்டனைப் போட்டபடியே விரித்து, முன்பக்கத்தையும் முதுகையும் சேர்த்து 17 இன்ச் சதுரமாக வெட்டுங்கள். சட்டையின் உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து நாலு பக்கமும் அரை இன்ச் விட்டுத் தைத்து, பட்டனைக் கழற்றித் திருப்பினால் 16 இன்ச் குஷன் கவர். ஜிப் வேண்டாம், பட்டனே திறப்பு. பாக்கெட் அந்தச் சதுரத்துக்குள் வருகிற மாதிரி பார்த்து வெட்டினால், தாத்தா மிட்டாய் வைத்திருந்த பாக்கெட்டில் பேரன் மறுபடியும் கைவிடலாம். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

பழைய ஜீன்ஸின் கால் பகுதியில் 8 இன்ச் சதுரம் இரண்டு வெட்டி, நடுவே பழைய டர்க்கி டவல் துண்டை வைத்துத் தைத்தால், சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணி. தனியாக அறை எடுத்துத் தங்கி, இப்போதுதான் சமைக்கப் பழகும் தோழிக்கு நல்ல பரிசு!

ஒரு மூலையை விட்டுவையுங்கள்

பாட்டி இருக்கும் வீடு என்றால் இந்த வேலையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். “கண்ணு, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு” என்பார். கோத்துக் கொடுத்தால், அவர் போடும் நாலு தையலில் பல விஷயம் பிடிபடும். கூடவே அந்தப் புடவை எந்தத் தீபாவளிக்கு வாங்கியது, என்ன விலை, யார் எடுத்துக்கொடுத்தது என்ற கதையும் வந்து விழும். போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் போர்வையின் ஒரு மூலையில் நூலாலேயே மூன்று வரி எழுதுங்கள். புடவை யாருடையது, தைத்தது யார், எந்த வருடம். அம்மாவைப் பார்த்தே இராத ஒரு பேத்தி அந்தப் போர்வையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது யாரும்மா?” என்று ஒருநாள் கேட்பாள்.

அடுத்த வாரம்: கிழிந்த பள்ளிச் சீருடையில் டிபன் பை!