கேஸ் போயிடுச்சு சார்!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரலை. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு வயித்தெரிச்சல்.

போன அக்னி நட்சத்திரத்துல எங்க வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. மேல ஃப்ரீசர்ல ஐஸ் ஜம்முனு இருக்கு. கீழ பால் திரிஞ்சு போகுது, தோசை மாவு பொங்கி வழியுது. பாலும் மாவும் போனா போகட்டும், அப்பாவோட இன்சுலின் உள்ள இருக்கே! பிரிக்காத இன்சுலினை 2 டிகிரியிலேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். ஃப்ரீசர்ல வச்சு உறைஞ்சு போனா தூக்கித்தான் போடணும். அம்மா அதை டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு எதிர்வீட்டு மாமியோட ஃப்ரிட்ஜுக்குப் போனாங்க.

மெக்கானிக் வந்தார். உள்ள கையை விட்டார், பின்னாடி கம்ப்ரஸரைத் தொட்டார். மொத்தம் ரெண்டு நிமிஷம். "கேஸ் போயிடுச்சு சார். மூவாயிரத்து ஐநூறு ஆகும்."

எனக்கு இங்கதான் இடிச்சுது. ஃப்ரிட்ஜ் கேஸ் ஒண்ணும் சமையல் கேஸ் இல்லை, எரிஞ்சு தீர்ந்து போறதுக்கு. மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கிற சமாச்சாரம். குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம கேஸ் மட்டும் அடிச்சா, பஞ்சர் ஒட்டாம காத்தடிக்கிற கதைதான். "யோசிச்சு சொல்றேண்ணே"ன்னு அனுப்பி வச்சேன்.

அப்புறம் பண்ணது ஒரே ஒரு காரியம். பிளக்கைப் பிடுங்கிட்டு, ரெண்டு கதவையும் திறந்து போட்டு, கீழ பழைய வேட்டியை விரிச்சு ஒரு நாள் முழுக்க விட்டேன். மறுநாள் ஆன் பண்ணா சூப்பரா குளிருது! ஒரு வாரம் ஓடிட்டு திரும்பவும் படுத்துக்கிச்சு. கேஸ் போயிருந்தா, ஐஸைக் கரைச்சதும் அது திரும்பி வந்துடுமா என்ன? ரீஸ்டார்ட் பண்ணா சரியாகி, கொஞ்ச நாள்ல மறுபடி தொங்குதுன்னா அதுக்கு நம்ம பொட்டிதட்டுற பாஷையில பேரு மெமரி லீக். ஏதோ ஒண்ணு உள்ள சேர்ந்துக்கிட்டே போகுது.

சேர்றது பனி. ஃப்ராஸ்ட் ஃப்ரீன்னு பேரே தவிர பனி பிடிக்கத்தான் செய்யும், ஃப்ரீசருக்குப் பின்னாடி மறைவா இருக்கிற காயில்ல. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஹீட்டர் எரிஞ்சு அதைக் கரைக்கும். தண்ணி ஓட்டை வழியா பின்பக்கத் தட்டுக்குப் போய் ஆவியாகிடும். ஹீட்டர் எரியலைன்னா பனி சுவர் மாதிரி அடைச்சுக்கும், ஃபேன் தள்ளுற குளிர்காத்து கீழ வராது. அவ்ளோதான் மேட்டர்.

ரிச்சி தெருவுல வாங்கின மல்டிமீட்டரைத் தூசி தட்டினேன். ஹீட்டர்ல 150 வாட்னு போட்டிருந்துது. 230 பெருக்கல் 230, வகுத்தல் 150, சுமார் 350 ஓம் காட்டணும். காட்டுச்சு. (நாலு வருஷ இஞ்சினியரிங் முதல் தடவையா வீட்டுக்கு உபயோகப்பட்ட தருணம்!) அடுத்து பைமெட்டல். தொடர்பே இல்லைன்னு காட்டுச்சு. மாட்டிக்கிட்டியாடான்னு ஓடிப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்தா, அதுலயும் தொடர்பு இல்லை! சண்டை போடலாம்னு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சிரிச்சார். "தம்பி, அது குளிர்லதான் ஒட்டும். ஐஸ்ல உப்பைப் போட்டு உள்ள வச்சுப் பாரு." அவ்வ்வ்வ்! வீட்டுக்கு வந்து வச்சேன், பழசும் க்ளிக்னு ஒட்டுச்சு. நிஜக் குற்றவாளி பக்கத்துலயே இருந்த தெர்மல் ஃப்யூஸ். விலை நூறு ரூபாய்க்கும் கீழ.

"ஃப்யூஸ் எதுக்கு, ஒயரை நேரா முறுக்கி விடு"ன்னு ஆபீஸ்ல ஒரு புத்திசாலி சொன்னான். தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. ஹீட்டர் அணையாம மாட்டிக்கிச்சுன்னா, சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் உருகி தீப்பிடிக்காம காப்பாத்துறது அந்த ஃப்யூஸ் ஒண்ணுதான். அதே மாதிரி கேஸ் பக்கமும் நான் போக மாட்டேன். இப்போ வர்ற நிறைய ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், பத்திக்கிற சரக்கு. கம்ப்ரஸர் மேல முக்கோணத்துல நெருப்புப் படம் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதுல பழகின ஆளைத் தவிர யாரையும் பத்தவைக்க விடாதீங்க.

அந்த மெக்கானிக் மேல எனக்குக் கோபம் இல்லை. ஒரு மணி நேரம் குடைஞ்சு பார்த்து, "நூறு ரூபா ஃப்யூஸ்தான் சார், பார்த்த கூலி ஐநூறு குடுங்க"ன்னு கேட்டிருந்தா நானே முறைச்சிருப்பேன். பொருளுக்குக் காசு குடுப்போம், கண்டுபிடிக்கிறதுக்குக் குடுக்க மாட்டோம். அப்போ அவரும் மூவாயிரத்து ஐநூறுக்கு விக்கிறதைத்தானே சொல்லுவார்?

கோபமெல்லாம் கம்பெனிகள் மேல. நியூஜெர்சியில இருக்கிற என் அத்தான் வீட்டு ஐஸ் மேக்கர் ஒரு நாள் நின்னு போச்சு. அங்க நிறைய ஃப்ரிட்ஜ்ல அடிப்பக்கத் தட்டிக்குப் பின்னாடி சர்வீஸ் பண்றவங்களுக்கான தாளை மடிச்சு வச்சிருப்பாங்க. எந்த பாகம் எத்தனை ஓம், எப்படி டெஸ்ட் பண்றதுன்னு எல்லாம் இருக்கும். அத்தான் அதைப் பார்த்து அரைமணி நேரம் அளந்துட்டு, கடைசியில ஐஸ் மேக்கரோட கம்பி மேல தூக்கியிருக்கிறதைக் கவனிச்சார். தூக்கியிருந்தா ஆஃப்னு அர்த்தம். பையன் விளையாடியிருக்கான் :)

நம்ம ஃப்ரிட்ஜோட வந்த புத்தகத்துல, பாத்திரத்தை மூடி வைக்கவும்ங்கிற ரேஞ்சுக்குத்தான் இருக்கு. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்'னு ஒரு தளமே ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி அந்த ஒரு தாளை மடிச்சு உள்ள வைங்கய்யா, போதும்.

இன்சுலின் இப்போ எங்க வீட்டுக்கே வந்துடுச்சு. எதிர்வீட்டு மாமிதான், அவங்க சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல ஐஸை நெம்ப கத்தியைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. ஓடிப் போய்ப் பிடுங்கிட்டு வந்தேன். அது குழாய்ல குத்துச்சுன்னா நிஜமாவே கேஸ் போயிடும்.

டிஸ்கி: பிளக்கைப் பிடுங்காம ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்டாதீங்க. உங்க வீட்டுல இதுவரைக்கும் எத்தனை தடவை கேஸ் போயிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.