நைட்ரஜன் பாக்கி

"நம்ம கிணத்துல முங்கினா யாரு காசு கேக்கறாங்க கண்ணு? இதுக்குப் போயி எதுக்குக் கடலுக்கு?" என்றார் அப்பா, களத்தில் காபிக் கொட்டையைக் கிளறிக்கொண்டே.

நியாயமான கேள்விதான். செம்மநத்தத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? அதுவரை அடியேனின் கப்பல் பயணமெல்லாம் ஏற்காடு ஏரியில் பெடல் படகோடு சரி. ஆனாலும் சீட்டு எடுத்த பணத்தோடு அந்தமான் போய், பாரன் தீவுக்குக் கிளம்பிய டைவிங் படகில் ஏறிவிட்டேன்.

போர்ட் பிளேரிலிருந்து (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். ஆள் நடமாட்டமே கிடையாது. இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை; நூற்றைம்பது வருஷத் தூக்கத்தைக் கலைத்து 1991ல் எழுந்து உட்கார்ந்தது. தீவில் கால் வைக்காமல், சுற்றியுள்ள கடலில் முங்கலாம். படகேதான் வீடு. சாப்பிடு, முங்கு, தூங்கு, மறுபடி முங்கு! தலைதீபாவளிக்குப் பிறகு இப்படி ஒரு கவனிப்பை நான் கண்டதில்லை. முதல் நாள் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே திருப்பித் தந்தது தனிக்கதை.

கீழே கரிய மணல். எரிமலைக் கல்லைப் பிடித்துக்கொண்டு பவளம் வளர்ந்திருக்கிறது. 2010ல் கடல் சூடேறி அந்தமான் பவளமெல்லாம் வெளுத்துப்போன கதையைக் கேட்டுவிட்டுப் போனவனுக்கு, அந்த நிறங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்குள்ளே துடைக்கவும் முடியாது சார்! தலைக்கு மேலே அம்பாசடர் கார் சைஸில் ஒரு திருக்கை, ஹாரன் அடிக்காமல் போயிற்று.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம் மேல் இன்னொரு வாயுமண்டலத்தின் அழுத்தம் ஏறும். சிலிண்டர் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். பி.காம். மூளைக்கு உடனே விளங்கியது... கடன்! மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிஷம் தொங்குவது முதல் தவணை. மீதியைக் கரையில் மூச்சு விட்டு விட்டே அடைக்கவேண்டும். அதற்குள் விமானமோ மலையோ ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியோடு விட்டால் பாக்கியம். கை கால் விழுந்துவிடவும் கூடும்.

கடைசி முங்கல் முடிந்தபோது சாயங்காலம் 4 மணி. ராத்திரி முழுக்கப் படகு ஓடி, விடியற்காலை துறைமுகத்தை நெருங்கியதும் செல்போனுக்கு உயிர் வந்தது. மச்சானின் மெசேஜ்: 'அப்பாவுக்கு நெஞ்சுவலி. சேலம் ஆஸ்பத்திரி.'

எனக்கு டிக்கெட் பகல் 12 மணிக்கு. 8 மணி விமானத்துக்கு மாற்றப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார் டைவிங் பயிற்சியாளர். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

"அண்ணே, 16 மணி நேரம்தான் ஆகுது. குறைஞ்சது 18 ஆகணும்."

சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். அவர் கையை விடவில்லை.

"அப்பா பக்கத்துல உங்களுக்கும் ஒரு பெட் போடணுமாண்ணே?"

அந்த நாலு மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் எப்படிப் போனதென்று கேட்காதீர்கள்.

ராத்திரி சேலம் போய்ச் சேர்ந்தால், ஸ்டென்ட் வைத்த மனுஷர் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தாமதத்துக்குக் காரணம் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"அப்ப, முங்கின கையோட நம்ம மலைக்கும் ஏறக்கூடாதா?"

"கூடாதுப்பா. ஒரு நாளாச்சும் கீழயே கிடக்கோணும்."

"அதான் கண்ணு, நானும் கீழயே வந்து படுத்துக்கிட்டேன்" என்றார், அடுத்த இட்லியை விண்டபடி.