கண்ணில் விழும் உமிச் சாம்பல் தரை ஓடு ஆகட்டுமே!

செங்குன்றம் பக்கம் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். காற்று கொஞ்சம் திரும்பினால் போதும். கண்ணில் 'சுரீர்' என்று ஒரு கரித்தூள்! வெள்ளைச் சட்டையோடு ஆபீசுக்குக் கிளம்பிய குமாஸ்தா பாடு திண்டாட்டம்தான். கடைக்காரரோ காலையில் துடைத்த கண்ணாடி அலமாரியை மத்தியானம் மறுபடியும் துடைக்கிறார்.

புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்க ஆலைக்காரர்கள் உமியை எரிக்கிறார்கள். அதில் தப்பு இல்லை. சொந்த ஆலையில் கிடைக்கிற எரிபொருளை யார்தான் விடுவார்கள்? மிஞ்சும் சாம்பல்தான் தலைவலி.

100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் ஏறக்குறைய 4 கிலோ சாம்பல். தினம் 10 டன் நெல் அரைக்கிற ஆலையில் உமி பூராவும் எரிந்தால் 400 கிலோ சாம்பல்! இதைச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

குப்பையா, சரக்கா?

இந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் சிலிகா. அதாவது மணலில் இருக்கிற அதே சத்து. பீங்கான் தரை ஓடு செய்யக் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் கல்பொடி மூன்றும் வேண்டும். அந்தக் குவார்ட்சும் சிலிகாதான்! கல்லை உடைத்து அரைத்துச் சேர்ப்பதில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சாம்பலைச் சேர்க்கலாம் என்று பல நாட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சாம்பலில் உள்ள பொட்டாசியம், கலவை சீக்கிரம் இளகவும் உதவும்.

ஜப்பான் குயவர்கள் உமிச் சாம்பலைக் கலந்து பானைக்கு வெள்ளை மெருகு கொடுப்பது பழைய வழக்கம். நம்மூரில் உமிக்கரியால் பல் விளக்கியதோடு சரி!

சிக்கல் இல்லாமல் இல்லை. அரைகுறையாக வெந்த கருப்புச் சாம்பலை அப்படியே போட்டால் சூளையில் ஓடு உப்பும், நடுவில் கறுக்கும். கரி போக மறுபடி எரித்துச் சலிக்க வேண்டும். இன்னொன்று, அதிகச் சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிகா படிகமாகிவிடும். அந்தத் தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் போச்சு. சாம்பலை அள்ளுகிற கூலிக்காரருக்கு முகமூடி கொடுக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மூக்கில் கட்டும் துண்டு போதாது.

விருத்தாசலம் இருக்கிறதே!

பீங்கான் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பீங்கான் தொழில் சொல்லித் தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. களிமண்ணுக்கு நெய்வேலி பக்கம். சுற்றிலும் நெல் விளைகிற பூமி. பிறகு ஏன் தயக்கம்? தரை ஓடு என்றால் குஜராத் மோர்பியிலிருந்துதான் லாரி வர வேண்டுமா?

எந்த ஆலைச் சாம்பல், எத்தனை பங்கு, எந்தச் சூடு என்று விருத்தாசலத்திலேயே சுட்டுப் பார்த்துக் கணக்கை ஆலைக்காரர்களிடம் கொடுக்கட்டும். சாம்பலைக் காற்றில் விடாமல் மூட்டை கட்டுவது ஆலைக்காரர் பொறுப்பு. லாரி வாடகை யார் கொடுப்பது என்றுதான் இழுபறி வரும். முதல் ஆறு மாசத்துக்கு அதை அரசாங்கமே கொடுக்கட்டும்.