இரும்பே இல்லாத இரும்புக் கிரீடம்

இத்தாலியில் மிலானுக்குப் பக்கத்தில் மோன்சா என்று ஓர் ஊர். கார் ரேஸ் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். அந்த ஊர்ப் பேராலயத்தில் 'இரும்புக் கிரீடம்' இருக்கிறது. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்... ஆறு தங்கத் தகடுகள், எனாமல் வேலைப்பாடு, கற்கள். அப்படியானால் இரும்பு எங்கே? தகடுகளை உள்பக்கமாகச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய வளையம் ஒன்று உண்டு. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். அதுதான் இத்தனை கதைக்கும் காரணம்.

இயேசுவைச் சிலுவையில் அறைந்த ஆணியை அடித்து வளைத்துச் செய்த வளையம் அது என்பது நம்பிக்கை. பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலெனா ஆணிகளைக் கண்டெடுத்தார்; ஒன்று மகனின் மணிமுடிக்கும் இன்னொன்று குதிரையின் கடிவாளத்துக்கும் போனது. மிலான் ஆயர் அம்புரோஸ் 395-இல் ஒரு பேரரசரின் இறுதிச்சடங்கில் சொன்ன கதை இது. அதில் மோன்சா என்ற பெயரே இல்லை. அங்கிருந்து லோம்பார்டு அரசி தியோடலிண்டா கைக்கு ஆணி வந்த கதையெல்லாம் பிறகு ஒட்டவைத்தது.

இத்தனை நூற்றாண்டாகியும் வளையத்தில் துருவே இல்லை, இதுவே அற்புதம் என்றார்கள். 1993-இல் மிலான் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். வளையம் 99 சதவீதம் வெள்ளி! வெள்ளி எப்படி ஐயா துருப்பிடிக்கும்?

உடனே 'பார்த்தீர்களா, பக்தர்கள் எல்லாம் முட்டாள்கள்' என்று கைகொட்டிச் சிரிப்பவர்கள் கொஞ்சம் நிற்கட்டும். இந்த ஆணியால் லாபம் பார்த்தது யார்? மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாளிட்ட கிழவியா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மிலானை ஆண்ட குடும்பம் இதே கிரீடத்தைக் கோயில் பொக்கிஷத்தோடு அடகு வைத்தது. மீட்டது 1319-இல். நடுவில் 1311-இல் ஏழாம் ஹென்றிக்கு முடிசூட்ட வேண்டி வந்தபோது, பழையது கைக்குக் கிடைக்காததால் புதிதாகவே ஒன்றைச் செய்துகொண்டார்கள். கடவுளின் ஆணி வட்டிக்கடையில் இருந்தாலும் முடிசூட்டு விழா நிற்கவில்லை!

1805 மே 26. மிலானில் நெப்போலியன் கிரீடத்தைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். கடவுள் எனக்குத் தந்தது, தொடுபவனுக்குக் கேடு என்றான். தந்தது கடவுளா, அவனுடைய பீரங்கியா? நான்கே வருடத்தில் போப்பாண்டவரையே கைதியாக்கியவனுக்கு என்ன பக்தி இருந்திருக்கும்? அவன் போனதும் ஆஸ்திரியர்கள் வந்தார்கள். 1838-இல் அவர்கள் பேரரசன் பெர்டினாண்டும் இதையே சூடிக்கொண்டான். 1859-இல் தோற்று வெளியேறும்போது வியன்னாவுக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பி வந்தது 1866-இல். வாளால் பிடித்த நாட்டுக்கு வானத்திலிருந்து வந்த பத்திரம் மாதிரி இந்தக் கிரீடத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அடியில் ஆணி இருந்தால் அரசனை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பதாகிவிடுமே!

இன்னொரு விஷயம்தான் முக்கியம். இந்த ஆணியின் மேல் முதலில் பலமாகச் சந்தேகம் எழுப்பியவர்களில் ஒருவர் நாத்திகர் அல்ல. முராத்தோரி என்ற பாதிரியார், மிலான் நூலகத்தில் வேலை பார்த்தவர். 1698-இலேயே, பழைய ஆவணங்களில் இதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார். சோதனைக்கூடம் இல்லை, காகிதம் மட்டும்தான். அதனால் அவருடைய நம்பிக்கை செத்துவிடவில்லை. கடைசிவரை பாதிரியாராகவே வாழ்ந்தார். 1717-இல் ரோம் பொது வணக்கத்துக்கு அனுமதி தந்தபோதும், ஆணி உண்மையானதுதான் என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆக, கேள்வி கேட்டால் பக்தி போய்விடும் என்பது பொய். பக்திக்குக் கேள்வியைத் தாங்கும் தெம்பு உண்டு. தாங்காதது சிம்மாசனம்தான். மோன்சாவில் இப்போது அரசன் இல்லை, கிரீடம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் 'இது புனிதம், கேட்காதே' என்று யாராவது அதட்டும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்... அதட்டுபவர் கும்பிடுகிறவரா, அல்லது அதைத் தலையில் வைத்துக்கொள்ளப் போகிறவரா?