பல திரைக் கணினி: செலவின் வரிசை

ஒரே மேசைக்கணினியில் இரண்டு அல்லது மூன்று திரைகளை இணைத்து வேலை செய்யும் முறை, வரைபட அலுவலகம், கணக்கு அலுவலகம், ஒப்பந்தப் பணிகளுக்கு மதிப்பீடு தயாரிக்கும் அலுவலகம் என எங்கும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய கணினியைக் குறைந்த செலவில் அமைத்துத் தருமாறு கேட்கப்படும்போது, விலை கூடிய கிராபிக்ஸ் கார்டை முதலில் எழுதிவிட்டு, திரை, யு.பி.எஸ்., காற்றோட்டம் ஆகியவற்றை மிச்சத் தொகைக்குள் அடக்கும் விலைப்பட்டியலே பெரும்பாலும் தயாராகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதும், கல்பாக்கம் போன்ற கடலோர ஊரில் அதன் கேடு இன்னும் கூடுதல் என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

முதலில் முடிவு செய்யவேண்டியது திரைகளின் எண்ணிக்கை. இதில் அணுமின் துறையின் பட்டறிவு பெரிது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருசேர எழுந்து இயக்குநர்களைத் திணறடித்தன. திறந்தே நின்றுவிட்ட வால்வு மூடிவிட்டதாக அவர்கள் நம்பியதற்குக் காரணம், பலகையிலிருந்த விளக்கு வால்வின் உண்மை நிலையைக் காட்டாமல், மூடுவதற்கான கட்டளை சென்றதை மட்டுமே காட்டியதாகும். கண், கவனம், நினைவு ஆகியவற்றின் எல்லைக்கேற்பக் கருவிகளை அமைக்கும் மனிதக் காரணிப் பொறியியல், அதன்பின் கட்டுப்பாட்டு அறை வடிவமைப்பில் தவிர்க்க இயலாததாயிற்று. கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் இயக்குநர்களுக்கென ஒரு பயிற்சி மாதிரியமைப்பை உருவாக்கியிருப்பதும், காட்சியை வாசிக்கும் மனிதரும் அமைப்பின் ஓர் உறுப்பே என்னும் புரிதலைச் சார்ந்தது. அலுவலக மேசைக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: ஒரே நேரத்தில் பார்த்தே ஆகவேண்டிய ஆவணங்கள் எத்தனையோ அத்தனை திரைகளே தேவை, அதற்கு மேற்பட்டவை கவனத்தைச் சிதறடிக்கும்.

அடுத்தது, பல திரைகளுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்னும் நம்பிக்கை. 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு திரையில், புள்ளிக்கு 4 பைட் வீதம், ஒரு முழுக் காட்சி 82,94,400 பைட் இடத்தையே பிடிக்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பித்தாலும் மூன்று திரைகளுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 1.5 ஜிகாபைட் தரவே ஓடுகிறது, ஒற்றை டி.டி.ஆர்.4-3200 ரேம் பட்டையோ நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை தரவல்லது. ஆகவே வரைபடம், அட்டவணை, மின்னஞ்சல் போன்ற வேலைகளுக்கு, பிராசஸரிலேயே உள்ளடங்கிய கிராபிக்ஸ் போதும். இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்களே மூன்று திரைகளைத் தனித்தனியே இயக்கின. 16 ஜிகாபைட் ரேமை ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜிகாபைட் பட்டைகள் இரண்டாக வாங்கினால், தரவு செல்லும் பாதையும் இரட்டிக்கும். முப்பரிமாணக் காட்சியாக்கமும் நிகழ்பட வெட்டுவேலையும் செய்வோருக்கே தனிக் கார்டு தேவை.

ஆனால் வாங்கும்போது கவனிக்கவேண்டிய கண்ணிகள் உண்டு. இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது. சிறு தொகையை மிச்சப்படுத்த அதை வாங்கினால், பிறகு கார்டுக்குத் தனியே செலவாகும். மதர்போர்டின் பின்புறத்தில் எத்தனை திரை இணைப்பு முகங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை ஒரே நேரத்தில் இயங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்தபின்னரே சென்னையின் கணினிக் கடைவீதியான ரிட்சி தெருவுக்குப் புறப்பட வேண்டும். 4கே திரையை எச்.டி.எம்.ஐ. 1.4 முகத்தில் இணைத்தால் நொடிக்கு 30 காட்சிகளே கிடைத்துச் சுட்டி தடுமாறும். 60 காட்சிகளுக்கு 2.0 பதிப்பு தேவை.

இனி கடற்காற்று. கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பகுதியில் காற்றோடு வரும் உப்புத்துகள் மின்சுற்றுப் பலகையில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்ததும் சமையல் உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். அந்த உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்துவதோடு உலோகத்தையும் அரிக்கும். இரவில் கணினி அணைந்து குளிர்ந்திருக்கும் வேளையே இதற்கு உகந்த வேளை. குளிரூட்டி நின்றவுடன் சன்னலைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின்மேல் பனித்துளி படியவும் கூடும். எனவே கணினியைக் கடல் நோக்கிய சன்னலிலிருந்து தள்ளி வைப்பது, காற்றை உள்ளிழுக்கும் விசிறிக்கு வடிகட்டி பொருத்துவது, பயன்படாத இணைப்பு முகங்களை மூடுவது, குறித்த காலத்தில் ரேமின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைப்பது ஆகியன இங்குக் கணினி அமைப்பின் பகுதியே ஆகும். தனிக் கார்டு இல்லாத கணினியில் விசிறியும் தொடுமுனையும் குறைவதால், அரிப்புக்கு இலக்காகும் இடங்களும் குறைகின்றன.

மின்சாரக் கணக்கும் இதே முடிவையே காட்டுகிறது. 24 அங்குல எல்.இ.டி. திரைகள் மூன்றும், தனிக் கார்டில்லாத அலுவலகக் கணினியும் சாதாரண வேலையில் மொத்தம் 200 வாட்டுக்குள் அடங்கும். வழக்கமாக 360 வாட் தாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றே, மின்வெட்டு நேர்ந்தால் கோப்புகளைச் சேமித்து முறையாக அணைக்கும் அவகாசத்தைத் தரும்.

எனவே விலைப்பட்டியல் எழுதும் பொறியாளர், வாடிக்கையாளர் எவற்றை ஒருசேரப் பார்க்க வேண்டியுள்ளது என்பதை முதலில் கேட்டறிந்து, திரைகள், யு.பி.எஸ்., தரமான மின்வழங்கி, வடிகட்டியுள்ள பெட்டி, போதிய இணைப்பு முகங்களுள்ள மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி. என்னும் வரிசையில் தொகையை ஒதுக்கி, தனி கிராபிக்ஸ் கார்டைத் தேவை மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே சேர்க்க வேண்டும். சிறு அலுவலகங்கள் தங்கள் குறைந்த முதலை நம்பி ஒப்படைப்பது கணினி அமைத்துத் தரும் துறையினரிடமே. அந்த நம்பிக்கைக்குரிய கைம்மாறு, வாங்கும் நாளின் விலையோடு அடுத்த சில மழைக்காலங்களையும் கணக்கில் கொண்ட பட்டியலே ஆகும்.