கம்ப்யூட்டர் சொல்லிட்டா போதுமா?

போன பொங்கலுக்கு இங்கே பரோடாவில் நம்ம ஆட்கள் கூடியிருந்தோம். பந்தி முடிந்ததும் ஒரு நண்பர் லேப்டாப்பைத் திறந்தார். தனியார் ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர். கார்பன் டை ஆக்சைடு குழாய் உடைந்தால் வாயு எவ்வளவு தூரம் பரவும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த படம். நடுவில் சிவப்பு, சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் மஞ்சள். மஞ்சள் கோடு பக்கத்துக் கிராமத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா சார், ஊருக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்தப் படம் அந்த ஊர்க்காரங்ககிட்ட இருக்கா?"

"அது எதுக்கு சார், வீணா பயப்படுவாங்க."

அதுக்கப்புறம் பாயசம் இறங்கவில்லை. அதான் இந்தப் புலம்பல்.

நமக்கு ரசாயனம் பள்ளிக்கூடத்தோடு சரி. படித்தது பி.காம். ஆனால் இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பம் பார்க்கிறேன். நஷ்டம் வரும் என்று எழுதிக்கொண்டு எவரும் வந்ததில்லை. எக்செல் பொய் சொல்லாது, நாம் போடும் எண்ணைத்தான் கூட்டித் தரும். நானே கையெழுத்துப் போட்ட ஒரு கடன் வாராக்கடன் ஆனது. கூட்டலில் ஒரு தப்பும் இல்லை. ஐந்து வருஷமும் மழை ஒழுங்காகப் பெய்யும் என்று நினைத்ததுதான் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். சோடாவில் இருக்கிற வாயுதானே என்று தோன்றும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் சாதாரணமாக 0.04 சதவீதம்தான் இருக்கிறது. 10 சதவீதத்தைத் தொட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

2020 பிப்ரவரி 22, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், சடார்ஷியா என்ற சிற்றூர். பெருமழையில் மண் சரிந்து, டென்பரி நிறுவனத்தின் கார்பன் டை ஆக்சைடு குழாய் இரவு ஏழு மணி வாக்கில் உடைந்தது. ஊர் ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி. வாயு சரிவில் இறங்கி ஊருக்குள் வந்தது. ஆக்சிஜன் கிடைக்காமல் கார் எஞ்சின்களே நின்றுபோயின. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை, அதுவே பெரிய புண்ணியம்.

விசாரித்த மத்திய அரசு அமைப்பு 2022இல் என்ன சொன்னது தெரியுமா? வாயு பரவும் பரப்பை நிறுவனத்தின் கணினிக் கணிப்பு குறைத்துக் காட்டியிருந்தது. மீட்க வந்தவர்களுக்கு வருவது என்ன வாயு என்றே நிறுவனம் சொல்லவில்லை. அவர்கள் ஊகித்து வேலை செய்தார்கள்!

மென்பொருளைத் திட்டி என்ன பயன்? அமெரிக்க அரசு இலவசமாகத் தரும் 'அலோஹா' என்ற மென்பொருள் நிலத்தைச் சமதளமாகவே எடுத்துக்கொள்ளும். மேடு பள்ளத்திலும், காற்று அசையாத இரவிலும் தன் கணக்கை நம்பாதே என்று அதன் கையேடே சொல்லிவிடுகிறது. மென்பொருளுக்கு இருக்கும் நேர்மை அதை வைத்துப் படம் காட்டுகிறவர்களுக்கு வேண்டாமா?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் பக்கத்தில் குழாயை உடைத்துவிட்டா சோதிக்க முடியும்? கணித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் நல்ல நாளுக்கு மட்டும் கணிக்காதீர்கள். காற்றில்லாத இரவு, முழு உடைப்பு, அந்த ஊரின் நிஜமான மேடு பள்ளம், இதையெல்லாம் போட்டுப் பாருங்கள். வந்த படத்தை ஊர்க்காரர்களுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுங்கள். அலமாரியில் பூட்டி வைத்த படம் யாரைக் காப்பாற்றும்?

இது அமெரிக்கக் கதை என்று விடவும் முடியாது. இங்கே கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து காந்தார் எண்ணெய் வயலுக்குள் செலுத்த ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் 2019இல் உடன்பாடு போட்டன. நல்ல திட்டம்தான், புவி வெப்பத்துக்கு இதுவும் ஒரு மருந்து. ஆனால் இந்த மருந்து நாடெங்கும் வந்தால் குழாயும் கூடவே வரும்.

"சொன்னா பயப்படுவாங்க" என்பதற்கும் வருகிறேன். போபாலில் 1984இல் யாரும் பயப்படவில்லை. பயப்பட அவர்களுக்கு ஒன்றுமே சொல்லப்படவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1989இல் விதிகள் வந்தன. பெரும் விபத்து நேரக்கூடிய ரசாயன ஆலை, பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து ஆலைகளைச் சுற்றித்தான் நம்மில் பாதிப்பேர் குடியிருக்கிறோம். வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்துத்தானே வீடு பிடிக்கிறோம்? இதையும் கேளுங்கள். சங்கு ஊதினால் எந்தப் பக்கம் போகவேண்டும்? மேட்டுப் பக்கமா, காற்றுக்கு எதிரா, குறுக்கா? உள்ளூர் மொழி தெரியாத நம்ம அம்மா அப்பாவுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

நண்பருக்கும் இதையேதான் சொன்னேன். "கேட்டுப் பாக்கறேன் சார்" என்றார். அடுத்த பொங்கலுக்கு நானும் அவரைக் கேட்பேன்.