தோல் இறுகுமோ இல்லையோ, பர்ஸ் இளைக்கும்!

"மூணே சிட்டிங்! தொங்கின கன்னம் கிண்ணுனு ஆகும்!"

சென்னையில் பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப் இப்படி ஒரு போர்டு. மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட தாயார் நின்று படிக்கிறார். போட்டோவில் தாடை தொங்குமே என்ற கவலை. அடுத்த வருஷம் ரிடையர் ஆகும் கிளார்க்கும் ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. கிண்டலும் வேண்டாம்.

ஆனால், மிஷினைக் கையில் பிடிக்கப்போவது யார்? டாக்டரா, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணா? போர்டில் அது மட்டும் இல்லை!

ஏன் தொங்குகிறது?

தோலுக்கு அடியில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள். ஒன்று தோலைத் தாங்கும். மற்றொன்று இழுத்துவிட்டால் பழையபடி திரும்ப வைக்கும். வயசு ஏற ஏற இரண்டும் நலிகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொலாஜன் இன்னும் வேகமாகக் குறையும். வெயிலும் சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கொலாஜன் கிரீம் தடவினால்? அதன் மூலக்கூறு பெரிசு, தோலுக்குள் இறங்காது. ஈரப்பசை கிடைக்கும், அவ்வளவுதான்.

மிஷின் செய்வது என்ன?

ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் மிஷின்கள் எல்லாம் தோலுக்கு அடியில் சூடு போடுகின்றன. சூட்டில் பழைய கொலாஜன் சுருங்கும். காயத்தை ஆற்ற உடம்பு புதுசாகக் கொஞ்சம் தயாரிக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பலனும் சுமார்தான். ரொம்பத் தொங்கின தோலுக்கு ஆபரேஷன் ஒன்றே வழி.

'போடாக்ஸ்' ஊசி தோலை இறுக்குவதே இல்லை. தசையைத் தளர்த்திச் சுருக்கத்தை மறைக்கும். மூன்று, நான்கு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி!

சூடு கைதப்பினால் தீக்காயம், தழும்பு. மாநிறத் தோலில் கருந்திட்டு விழுந்தால் மறையவே பல மாசம். ஊசிமுனை வழியாக ரேடியோ அலை செலுத்தும் மிஷின்கள் பற்றி 2025 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது. தீக்காயம், தழும்பு, நரம்பு பாதிப்பு என்று பட்டியலும் போட்டது.

ஊசியா? உஷார்!

1940-ம் வருஷ மருந்து, அழகுப் பொருள் சட்டம் சொல்வது என்ன? அழகுப் பொருள் என்றால் உடம்பில் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது. ஊசியில் ஏற்றுவது அதில் சேராது. டாக்டர் இல்லாத பார்லரில் ஊசிக்கு என்ன வேலை?

லேபிள் இல்லாத டப்பாவில் கொடுக்கும் கிரீமும் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் நாலு நாள் மினுமினுக்கும். அப்புறம் தோல் காகிதமாக மெலிந்து, நரம்பு தெரியும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டதும் சும்மா அல்ல.

குடை இருக்கே!

ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருஷம் கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன் ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு! தொங்கினதைத் தூக்காது, மேலும் கெடாமல் காக்கும். குடையும் தொப்பியும் அதைவிட மலிவு. சிகரெட்டை விட்டால் காசும் மிச்சம்.

அப்படியும் சிகிச்சை வேண்டுமா? தோல் டாக்டரிடம் போங்கள். எம்.டி. படிப்பா, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன, மிஷினைப் பிடிப்பது யார், புண்ணானால் யார் பொறுப்பு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

"இன்னிக்கே கட்டினா பாதி ரேட்டும்மா" என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம்.

டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் இப்படிப்பட்ட போர்டு ஒன்றுகூடத் தொங்கக்கூடாது. முகம் தொங்கினால் உயிர் போகாது. முகம் வெந்தால் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி சுடும்.

சுகாதாரத் துறை கவனிக்குமா?